பெயர் போடாத பூசை

தெங்கேரா, மலாக்கா
6 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஃபிரெடிக்கு,

மாதாவின் துணையால் நானும் உன் அத்தானும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி இருக்கிறது. லண்டன் குளிரில் உன் இருமல் எப்படி?

இனிமேல் கைபேசியில் ஒன்றும் அனுப்ப வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது. "போன் ஆபீசோடது அக்கா" என்றாய். ஆபீஸ் போனில் அக்காவோடு பேசினால் ஆபீஸ் தேய்ந்தா போய்விடும்? தபால் நிலையத்தில் லண்டனுக்குத் தபால் தலை கேட்டேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிக்கு வாட்சாப் இல்லையா?" என்று கேட்கிறாள். என் தம்பி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பத்திரிகை நிருபர் என்றேன். அவள் நம்பவில்லை.

இந்தக் கடிதத்தோடு பெட்டி ஒன்றும் வருகிறது. நெத்திலிக் கருவாடு, பெலாச்சான் இறால் கட்டி, கூலா மலாக்கா வெல்லம் எல்லாம் உனக்கு. வறுத்து இடித்த மிளகாய்த் தூள் மட்டும் உஷாந்திக்கு. சந்திராதேவி டீச்சர் ஆயர் குரோவிலிருந்து காரில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். "பிள்ளைக்கு லண்டன்ல கடைத் தூள் ஒத்து வரேல்ல அகதா" என்றார். வழக்கம்போல உன் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பள்ளியில் உனக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் மகளுக்கு இதையாவது நீ நேரில் கொண்டுபோய்க் கொடு. அந்தச் சாக்கில் அவள் வீட்டில் ஒரு வேளை நல்ல சாப்பாடும் சாப்பிடுவாய்.

வேறு என்ன? உனக்கு நாற்பது தாண்டிவிட்டது என்பதை நான் எழுதவில்லை.

அன்புடன் அக்கா,
அகதா


லண்டன்
22 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் அத்தான் முழங்காலுக்கும் ஜெபிக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது.

பெட்டி பத்திரமாக வந்தது. நெத்திலி வாசனையில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அது தனிக் கதை.

மிளகாய்த் தூள் விஷயத்தில் ஏதோ குழப்பம். உஷாந்தி என்று ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது. சந்தித்ததில்லை. தூளை நானே வைத்துக்கொண்டேன். இனி அந்த வீட்டுச் சாமான் எதையும் என் பெட்டியில் வைக்க வேண்டாம்.

போன வாரம் நான் எழுதிய செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அத்தானிடம் சொன்னால் இணையத்தில் எடுத்துப் படித்துக் காட்டுவார்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

தம்பி ஃபிரெடி


தெங்கேரா
3 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

கர்த்தர் உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தரட்டும். இந்த முறை புத்திக்குத்தான் அதிகமாக ஜெபித்தேன்.

எனக்கே காதில் பூச்சுற்றுகிறாயா? தீபாவளிக்கு உஷாந்தி வீட்டில் நீ சாப்பிடும்போது எடுத்த படத்தை டீச்சர் அச்சுப் போட்டு எனக்கு ஒன்று கொடுத்தார். என் ஷோகேசில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ வாழை இலையைப் பார்த்துச் சிரிக்கிறாய். அவள் உன் இலையில் ஆட்டுக்கறி வைக்கிறாள். தெரியாத பெண்ணா கறி வைக்கிறாள்?

இதைவிடப் பெரிய குழப்பம் கேள். தூள் வந்ததா என்று டீச்சர் மகளைக் கேட்டாராம். "எந்த ஃபிரெடி? எனக்கு அப்பிடி ஆரையும் தெரியாது அம்மா" என்றாளாம். டீச்சர் போன் போட்டு என்னிடம் சொன்னார்.

அத்தான் உன் செய்தியைப் படித்துக் காட்டினார். முதியோர் இல்லங்களில் வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து அழைத்துப்போன பெண்களின் பாஸ்போர்ட்டை ஏஜென்டுகள் பிடுங்கி வைத்திருப்பது, ஒரு இலாகாவுக்குத் தெரிந்தும் அதுபற்றிய அறிக்கையை மூடி வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த அறிக்கை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று எங்கேயும் இல்லையே என்று அத்தான் கேட்கிறார்.

அது கிடக்கட்டும். நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டீர்களா? பிரியம் இருக்கும் இடத்தில்தான் இப்படி "தெரியாது" என்று வரும். எனக்கு உண்மையைச் சொல்.

அக்கா


லண்டன்
17 பிப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

சண்டை எதுவும் இல்லை. தெரியாத பெண்ணோடு எப்படிச் சண்டை வரும்?

என் வேலையைப் பற்றி நீங்கள் எப்போதும் கேட்பீர்கள், நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நாடாளுமன்றத் தாழ்வாரத்தில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் எங்களிடம் பேசுவார்கள். சொன்னதை எழுதலாம். சொன்னவரை எழுதக் கூடாது. ஆசிரியர் கேட்டாலும், நீதிபதி கேட்டாலும் கூடாது. இந்தத் தொழிலில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். அதுவும் போனால் நான் வெறும் தட்டச்சுக்காரன்.

அந்த அறிக்கையை யார் கொடுத்தது என்று இலாகா வலைபோட்டுத் தேடுகிறது. யார் யாரோடு சாப்பிட்டார்கள் என்பது வரை பார்க்கிறார்கள். அகப்பட்டால் அந்த ஆளுக்கு வேலை போகும், சிறையும் வரலாம்.

ஷோகேசில் உள்ள படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள் அக்கா.

ஃபிரெடி


தெங்கேரா
8 மார்ச் 2025

அன்புத் தம்பி,

தவக்காலம் தொடங்கிவிட்டது. இறைவன் நம் எல்லாரையும் பொறுத்துக்கொள்ளட்டும். அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடப்பு. காரணம் கீழே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தேநீர், தாழ்வாரம், நீதிபதி எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. படத்தை வேறு எடுக்கச் சொல்கிறாய். சரி, வெட்கப்படுகிறான், அவர்கள் யாழ்ப்பாணத்து இந்துக் குடும்பம், நாம் சிம்பாங் அம்பாட் தோட்டத்துக் கிறிஸ்தவர்கள், கேட்டால் கிடைக்காது என்று பயப்படுகிறான் என்று முடிவு பண்ணினேன். படத்தை எடுக்கவில்லை.

சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. அதனால் முந்தின ஞாயிறே காரியத்தில் இறங்கினேன். காலையில் உங்கள் இருவர் பெயரிலும் பூசை. 'ஃபிரெடி, உஷாந்தி திருமணம் கைகூட' என்று கோயில் ஆபீஸ் மோனிக்காவிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். கோயிலில் எல்லாருக்கும் கொடுக்கும் பங்கு இதழில் அச்சில் வந்தது, ஃபாதர் வாசித்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, கேக் எல்லாம் தட்டில் வைத்து ஆயர் குரோவுக்கு, டீச்சர் வீட்டுக்குப் போனோம். அத்தான் வழியெல்லாம் முனகினார். "மொதல்ல அவன ஒரு வார்த்தை கேட்டுக்கோ லா, அகதா."

டீச்சர் முகம் மலர்ந்தது, நான் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் கனகரட்ணம் ஐயாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "வந்தது சந்தோஷம். ஆனா பிள்ளையிட்ட ஒரு சொல் கேக்க வேணும்" என்று அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

ஐயா விஷயத்தைச் சொன்னதும் உஷாந்தி, "நான் அந்த ஆளைச் சந்திச்சதே இல்லை அப்பா. ஏன் இப்பிடிக் கேக்கிறீங்கள்?" என்றாள். அடுத்து அழுகைச் சத்தம். போன் நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அதே தீபாவளிப் படம் ஒட்டியிருக்கிறது ஃபிரெடி. பார்க்காத ஆளுக்காக ஒரு பெண் ஏன் அழ வேண்டும்? டீச்சர் கேக்கை வெட்டினார். யாரும் சாப்பிடவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுது.

அக்கா


லண்டன்
19 மார்ச் 2025

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள்.

இன்று தாழ்வாரத்தில் இன்னொரு பத்திரிகைக்காரன் தன் கைபேசியை என் முன்னால் நீட்டினான். நம் கோயில் பங்கு இதழ், ஃபேஸ்புக்கில். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பெயர்கள். "கல்யாணமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மோனிக்காவிடம் சொல்லி உடனே எடுக்கச் சொல்லுங்கள். யாராவது தேடி வரலாம். என்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். தோட்டம், பள்ளி, எல்லாம். வேறு யாரைப் பற்றியும் வேண்டாம். எனக்கு என்ன வந்தாலும் அது நான் தேர்ந்தெடுத்த தொழில். இன்னொருவர் வாழ்க்கை என் கையில் இருக்கிறது. இப்போது உங்கள் கையிலும் இருக்கிறது.

இதைப் போனில் சொல்ல வழியில்லாமல் போனதே என்று தவிக்கிறேன். கடிதம் சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

ஃபிரெடி


தெங்கேரா
2 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முன்பே, போன வாரம், நீ பயந்தபடி ஒரு பெண் தேடி வந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹேரியட் என்று பெயர் சொன்னாள். வெள்ளைக்காரி. கோலாலம்பூரில் இருக்கிறாளாம். உன் வாழ்க்கையையும் தொழிலையும் பற்றி லண்டனில் பெரிய கட்டுரை வரப்போகிறது, உனக்கு விருதுகூடக் கிடைக்கலாம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேநீர் போட்டேன், கூவே பலகாரம் வாங்கி வைத்தேன், உன் கதையை அவிழ்த்துவிட்டேன்.

தேர்தல் நேரத்தில் நீ சைக்கிளில் செராமா கூட்டத்துக்கெல்லாம் போய், எந்த வேட்பாளர் ரோடு தருவதாகச் சொன்னார், எவர் கால்வாய் தருவதாகச் சொன்னார் என்று எங்களுக்கு நடித்துக் காட்டுவாயே, அதைச் சொன்னேன். தோட்டத்துக்குப் பஸ் வரவில்லை என்று நீ பத்திரிகைக்கு எழுதி, பஸ் வந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தின் வடக்கில் ஏதோ சின்ன ஊர்ப் பத்திரிகையில் குப்பைத் தொட்டிச் செய்தி எழுதிப் பிறகு நாடாளுமன்றத்துக்குப் போனதைச் சொன்னேன். நீ அந்த நாட்டுக் குடிமகனாகி நம் மலேசியச் சிவப்புப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று நான் சோறு சமைக்காததைக்கூடச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் ஆசையாக எழுதிக்கொண்டாள்.

பிறகு பையிலிருந்து பங்கு இதழை எடுத்தாள். யார் இந்த உஷாந்தி என்று கேட்டாள்.

என் வாய் திறந்துவிட்டது தம்பி. நம்ம டீச்சர் மகள் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவளே, "இந்த இலாகாவில்தானே வேலை செய்கிறாள்?" என்றாள். அவள் சொன்ன இலாகாப் பெயர் அத்தான் உன் செய்தியில் படித்துக் காட்டிய அதே பெயர்.

ஏதோ அரசாங்க வேலை என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும். தேநீர், தாழ்வாரம், நீதிபதி, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. என்ன விளங்கியது என்று எழுத மாட்டேன்.

ஷோகேஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால். ரொம்ப நாளாகத் தூசி படிந்திருந்ததால் போகிற போக்கில் ஒன்றிரண்டு படங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அரிசி டின்னில் இப்போது அரிசி மட்டும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து, தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னேன். "உங்க ஊர்ல எப்படியோ, எங்க ஊர்ல தம்பிக்குத் தெரியாமலே அக்கா பொண்ணு பாப்பா. பெரிய எடத்துப் பொண்ணுன்னு ஆசப்பட்டேன் லா. அந்தப் பொண்ணு இவன் மூஞ்சியே பாத்ததில்லயாம். இவனும் அவள பாத்ததில்ல. கேக்காம கோயில்ல பேரு வாசிக்க வெச்சேன். இப்ப சர்ச்சுல என்னய பாத்துச் சிரிக்கிறாங்க." உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து, 'தெரியாது, சந்தித்ததில்லை' என்று நீ எழுதியதைப் படித்தும் காட்டினேன். அதை நீ யார் படிக்க எழுதினாய் என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதேன். அழுகை மட்டும் பொய் இல்லை. என் வாயாலேயே அந்தக் கல்யாணத்தை இல்லாமல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண் மாதிரித்தான் இருந்தாள். போகும்போது, உனக்கு ஆங்கிலம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். "தானா படிச்சான்" என்றேன். டீச்சர் என்னை மன்னிக்கட்டும்.

அங்கிருந்து ஆயர் குரோவுக்கும் போயிருக்கிறாள். கனகரட்ணம் ஐயா அவளிடம் வாசலில் நின்று, ஆங்கிலத்தில் ஒரு தடவை, பிறகு தெருவே கேட்கத் தமிழில் ஒரு தடவை சத்தம் போட்டாராம். "தோட்டத்துச் சனத்துக்குப் பொம்பிளை குடுக்க எங்களுக்கென்ன விசரே, பைத்தியமே?" அத்தானின் கூட்டாளி ஒருவர் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். வந்து சொன்னார்.

அவர் மனதாரச் சொன்னாரா, இல்லை நான் பேசிய மாதிரிப் பேசினாரா? அன்றிலிருந்து அதையேதான் யோசிக்கிறேன். சில நாள் அப்படித் தோன்றுகிறது, சில நாள் இப்படி. போய்க் கேட்கவும் முடியாது.

மோனிக்கா அந்த இதழை எடுத்துவிட்டாள். தவக்காலத்தில் பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். யாருக்காக என்று ஃபாதர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருமலுக்கு மிளகு போட்டுக் குடி.

அகதா


லண்டன்
24 ஜூன் 2025

அன்பு அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துக்கூட எழுதாமல் இருந்துவிட்டேன். உங்கள் இருவர் சுகத்தையும் அறிய ஆவல். நான் நலம்.

இலாகாவின் விசாரணை முடிந்தது. அறிக்கையைக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். என் பத்திரிகையும் அதற்குப் பிறகு என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டது. முதியோர் இல்லப் பெண்கள் பலருக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவர் நாகர்கோவில்காரர். ஆபீசுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நன்றி எனக்கு வர வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை.

ஹேரியட்டின் கட்டுரை எங்கேயும் வரவில்லை. அவர் யாருக்காக வந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

நீங்கள் பெண் கேட்கப் போனதில் எனக்குக் கோபம் இல்லை அக்கா. அந்த வீட்டில் போனில் ஒரு பெண் அழுததாக எழுதியிருந்தீர்கள். ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. விசாரணை முடிந்தாலும் இந்தத் 'தெரியாது' முடியாது. எவ்வளவு காலத்துக்கு என்றும் தெரியாது.

மிளகாய்த் தூள் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நாளாகக் கடைத் தூளில்தான் சமைக்கிறேன்.

தம்பி ஃபிரெடி


தெங்கேரா
7 ஜூலை 2025

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு நெஞ்சு ஆறியது, பிறகு வலித்தது. நாங்கள் சுகம். அத்தான் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு இப்போது பசாருக்கு நடந்தே போகிறார்.

நேற்றுக் காலை கேட்டைத் திறந்தால் கம்பியில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே வறுத்து இடித்த தூள், இரண்டு பொட்டலம். பெயர் இல்லை, சீட்டு இல்லை. ஆயர் குரோவில் ஒரு வீட்டில் மட்டும்தான் பெருஞ்சீரகத்தை அவ்வளவு கருக வறுப்பார்கள். யார் வைத்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அன்று வாசலில் போட்ட சத்தம் மனதாரவா என்று என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அதில் பதில் இருந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இரண்டு பொட்டலமும் உன் பெட்டியில் வருகிறது. ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்காதே. உஷாந்தி என்ற பெண்ணை எனக்குத் தெரியாது. ஒரு பொட்டலம் கெட்டுப்போகும் வரை உன் அலமாரியில் இருந்தாலும் இருக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. தொழிலுக்காகத் தெரியாது என்கிறாயா, மனசுக்கும் தெரியாதா? பதில் எழுத வேண்டாம். எழுதினால் நான் நம்பவும் மாட்டேன்.

அப்படியே கோயில் ஆபீசுக்குப் போய் வருகிற ஞாயிற்றுக்கு ஒரு பூசை கேட்டேன்.

"யாருக்கு ஆன்ட்டி?" என்றாள் மோனிக்கா.

"ரெண்டு பேருக்கு."

"பேரு என்னா?"

"பேரு போடாத லா. மேல இருந்து கேக்குறவருக்குத் தெரியும்."

என்றும் உன் அக்கா,
அகதா